ஹெட்லைனருக்கு முன்னாடி ஏறுற லோக்கல் பேண்டுக்காக சீக்கிரம் போகணுமா?

தம்பி, நீ கேட்டத முதல்ல திருப்பி சொல்லிடுறேன், அப்பதான் புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியும். நம்ம தென்னாப்பிரிக்கா டர்பனுக்கு வெளிநாட்டு டெத் மெட்டல் (உறுமுற குரலும் படுவேக டிரம்ஸுமா இருக்கிற இசை) பேண்ட் ஒண்ணு வருது, டிக்கெட் எடுத்துட்ட, முன்னாடி நாலு லோக்கல் பேண்ட் போட்டிருக்கான், கதவு ஆறு மணிக்குன்னு போஸ்டர்ல இருக்கு ஆனா மெயின் ஆளுங்க, அதாவது ஹெட்லைனர், பத்து மணிக்கு மேலதான் ஏறுவாங்க, அதனால ஒம்பதரைக்குப் போனா போதாதான்னு கேட்டிருக்க. போன தடவ லோக்கல் பேண்ட் எல்லாமே ஒரே இரைச்சலா இருந்துச்சு, ஹெட்லைனர் வந்ததும் கண்ணாடி மாதிரி தெளிவா கேட்டுச்சு, நம்ம ஊர் பசங்களுக்கு வாசிக்கத் தெரியலையா இல்ல சவுண்ட்காரன் வேணும்னே கெடுக்குறானான்னு ஒரு சந்தேகம். அவங்களுக்குக் காசு எதாவது கிடைக்குமான்னு இன்னொண்ணு. கடைசியா சாட்ஸ்வர்த்ல இருக்கிற உன் சித்தி பையன் டிரம்ஸ் வாசிக்கிறானாம், அவன் பேண்டுக்கு இப்படி ஒரு ஸ்லாட் வாங்குறது எப்படின்னும் கேட்டிருக்க.

நான் சவுண்ட் போடுறவன். கோயில் விசேஷம், கல்யாணம், வாரக் கடைசியில பப்புல ராக் மெட்டல் கிக்கு (கச்சேரியத்தான் அப்படிச் சொல்வோம்), எல்லாத்துக்கும் போவேன், அதனால இந்தப் பதில் முழுக்க மிக்ஸருக்குப் பின்னாடி நிக்கிறவனோட பதில்தான், கிட்டார்காரன் யாராவது படிச்சா சண்டைக்கு வருவான், வரட்டும். ஆறு மணிக்கே போயிடுன்னுதான் என் பதில், ஆனா "லோக்கல் டேலண்ட ஆதரிக்கணும்"ங்கிற அந்தக் கொடி புடிக்கிற காரணத்துக்காக இல்ல. அதுக்குப் போகாத. நீ போன தடவ கேட்டது அந்தப் பசங்களோட சவுண்டே இல்ல, அத முதல்ல புரிஞ்சுக்க.

முதல் விஷயம், ஆள். காலியா இருக்கிற ஹால்ல கைதட்டிப் பாரு, சத்தம் சுவத்துல மோதி மோதி ஓடும். ஜனங்களோட உடம்பும் துணியும் நடு ஸ்தாயி, மேல் ஸ்தாயி சத்தத்த நல்லா உறிஞ்சிடும், அதனால நானூறு பேர் நெருக்கிக்கிட்டு நிக்கிற ஹாலும் நாப்பது பேர் பார் ஓரமா சாஞ்சிருக்கிற அதே ஹாலும் சவுண்டுல ரெண்டு வேற வேற கட்டடம். நம்ம டர்பன் பப்புங்க பாதிக்கு மேல செங்கல் சுவரு, டைல்ஸ் தரை, தாழ்ந்த சீலிங், ஓரத்துல கண்ணாடி பாட்டில் அடுக்கின பார். அதுல ஆறரை மணிக்கு முதல் பேண்ட் ஏறுது. அதே செட்டிங், அதே மிக்ஸர், அதே ஸ்பீக்கர், ஆனா சிம்பலும் (டிரம்ஸோட பித்தளைத் தட்டு) கிட்டாரும் சுவத்துல அடிச்சு திரும்பி வந்து அடுத்த ரிஃப்போட, அதாவது அடுத்த கிட்டார் வரியோட, கலக்குது. ஒம்பதரைக்கு உன்ன மாதிரி ஆளுங்க மொத்தமா உள்ள வந்ததும் ஹால் தானா அடங்கிடும், ஹெட்லைனருக்கு அது ஓசில கிடைக்கிற வசதி. அதாவது நீ லேட்டா போறதும் முதல் பேண்ட் மோசமா கேக்குறதுக்கு ஒரு காரணம். குத்தம் சொல்லல, பௌதிகம் சொல்றேன்.

ரெண்டாவது, நேரம். சவுண்ட்செக் தலைகீழா நடக்கும், கடைசில ஏறுற ஹெட்லைனர் மத்தியானமே முதல்ல செக் பண்ணுவான், அப்புறம் அவனுக்கு முன்னாடி பேண்ட், இப்படியே இறங்கி வந்து முதல்ல ஏறவேண்டிய பேண்ட் கடைசியா செக் பண்ணணும், அப்பதான் அவங்க சாமான் ஸ்டேஜ்லயே நிக்கும், கதவு திறந்ததும் அப்படியே ஆரம்பிக்கலாம். காகிதத்துல பாக்க அழகா இருக்கும். நடக்கிறது என்னன்னா ஹெட்லைனரோட ஃப்ளைட் லேட்டு, இல்ல வாடகைக்கு எடுத்த ஆம்ப் (கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) அவங்க கேட்ட மாடல் இல்ல, இல்ல பாடகர் ஹோட்டல்ல தூங்குறார், நாலு மணிக்கு முடியவேண்டிய செக் அஞ்சே முக்கால் வரைக்கும் இழுக்கும், அதுக்கப்புறம் மிச்சம் நாலு பேண்டுக்கும் சேத்து பதினஞ்சு நிமிஷம். அப்போ முதல் பேண்டுக்குக் கிடைக்கிறது லைன்செக் மட்டும்தான், அதாவது ஒவ்வொரு மைக்குலயும் சத்தம் வருதான்னு பாக்குறது, எப்படி வருதுன்னு பாக்க நேரம் கிடையாது. முதல் பாட்டு பூரா நான் மிக்ஸ் தேடிக்கிட்டுதான் இருப்பேன், ரெண்டாவது பாட்டுல ஒரு மாதிரி வரும், மூணாவதுல கேக்குற மாதிரி இருக்கும், அவங்களுக்கு மொத்தமே இருபத்தஞ்சு நிமிஷம், அஞ்சு பாட்டு. ஹெட்லைனருக்கு சொந்த இன்ஜினியர் இருப்பான், மத்தியானம் ஒரு மணி நேரம் உக்காந்து செஞ்ச மிக்ஸ டிஜிட்டல் மிக்ஸர்ல சேவ் பண்ணி வச்சிருப்பான், ராத்திரி ஒரு பட்டன அமுக்கினா எல்லாம் வந்து நிக்கும்.

இடமும் அப்படித்தான். ஹெட்லைனரோட டிரம் கிட் பின்னாடி மேடை மேல கறுப்புத் துணி போட்டு மூடி இருக்கும், அத யாரும் அசைக்கக் கூடாது, எல்லா மைக்கும் அளந்து வச்சது. லோக்கல் பேண்ட் எல்லாம் அதுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிற ஒரு கீத்துல நிக்கணும். நாலு பேண்டுக்கும் ஒரே கிட், அவனவன் ஸ்னேர்ங்கிற சின்ன டிரம், சிம்பல், பெடல், ஸ்டூல் மட்டும் சொந்தமா கொண்டு வருவான். டிரம்மருக்கு ரெண்டடி முன்னாடி கிட்டார்காரன் நின்னு தலைய ஆட்டினா முடி சிம்பல்ல படும். டிரம்முக்கு அவ்வளவு பக்கத்துல பாட்டு மைக் நின்னா, அந்த மைக்குல பாடகர விட சிம்பல் சத்தமா விழும்.

இனி டெத் மெட்டலுக்குன்னே உள்ள தலைவலி. மத்த இசைக்கெல்லாம் இவ்வளவு கஷ்டம் இல்ல, அதான் நான் இத கொஞ்சம் விரிவா சொல்றேன். ஒரு டிரம்மர் நிமிஷத்துக்கு 200 பீட் வேகத்துல டபுள் கிக் (ரெண்டு காலாலயும் பெரிய டிரம்ம, அதாவது கிக் டிரம்ம, அடிக்கிறது) ஓட்டுறான்னு வை, ஒரு பீட்டுக்கு நாலு அடி, ஆக நிமிஷத்துக்கு 800, செகண்டுக்கு 13 அடிக்கு மேல. காலி ஹால்ல ஒரு அடியோட கீழ் ஸ்தாயி அடங்க ஒரு செகண்டுக்கு மேல ஆகும்னா, அடுத்த பதிமூணு அடியும் அது மேலயே விழுது. உனக்குக் கேக்குறது அடி இல்ல, கடகடன்னு ஒரு உறுமல். அதுக்குத்தான் கிக் டிரம்ல ட்ரிக்கர்னு ஒரு சின்ன சென்சார் மாட்டுவாங்க, ஒவ்வொரு அடிக்கும் முன்னாடியே பதிவு செஞ்ச 'டிக்'னு ஒரு கூர்மையான சத்தம் வரும், அதுல 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் தூக்கலா இருக்கும், அதனால உறுமலுக்கு மேல தனியா கேக்கும். ட்ரிக்கர் போடுறவன் ஏமாத்துறான்னு ஒரு கூட்டம் இன்னும் பேசிக்கிட்டிருக்கு. ட்ரிக்கர் வேகத்த கூட்டாது, அடிச்சதத்தான் கேக்க வைக்கும், தப்பா அடிச்சா அந்தத் தப்பும் ஊருக்கே தெளிவா கேக்கும். ஹெட்லைனர்கிட்ட இது கண்டிப்பா இருக்கும். லோக்கல் பையன் வெறும் மைக்கோட வருவான்.

கிட்டாரும் அப்படியே. சாதாரணமா கிட்டாரோட தடிச்ச கம்பி 82 ஹெர்ட்ஸ்ல இருக்கும், டெத் மெட்டல்காரங்க அத பி ஸ்வரம் வரைக்கும் இறக்குவாங்க, அது 62 பக்கம், இன்னும் கீழ ஏ வரைக்கும் போறவன் 55ல நிப்பான். கிக் டிரம்மோட இடி வர்றதும் அதே பேட்டை, பேஸ் கிட்டார் குடியிருக்கிறதும் அதே பேட்டை. மூணு பேரும் ஒரே வாசல்ல நுழையப் பாத்தா யாரும் நுழைய முடியாது. அனுபவமுள்ள பேண்ட் இத மேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிருப்பான், கிட்டார்ல கீழ் ஸ்தாயிய கொறச்சிடுவான், சத்தத்த கரகரப்பாக்குற டிஸ்டார்ஷன நாம நினைக்கிறத விட கம்மியா வப்பான், நடு ஸ்தாயிய கூட்டுவான். தனியா கேட்டா அசிங்கமா இருக்கும், பேண்டோட கேட்டா வெட்டு விழுந்த மாதிரி இருக்கும். லோக்கல் பையன் வீட்டு ரூம்ல தனியா உக்காந்து நல்லா இருக்குன்னு வச்ச செட்டிங்கோட வருவான், நடுவ மொத்தமா வெட்டி எறிஞ்சிருப்பான், கேட்டா ஸ்டாக்ஹோம் சவுண்ட், ஸ்வீடன் டெத் மெட்டல் பாணிங்கிறான். அந்த ஸ்டாக்ஹோம் பேண்டுங்க பாஸ் கம்பெனியோட எச்.எம்.2 டிஸ்டார்ஷன் பெடல்ல எல்லாக் குமிழையும் கடைசி வரைக்கும் திருப்பி வச்சது உண்மைதான், 1983ல வந்து 1991ல நிறுத்தின பெடல், அப்புறம் மவுசு ஏறி கம்பெனியே மறுபடி கொண்டு வந்துச்சு. ஆனா அந்தப் பெடல் கத்துறதே நடு ஸ்தாயிலதான், அத வாங்கி வந்து ஆம்ப்புல நடுவ சைபர்ல வச்சா அப்புறம் எதுக்குப் பெடல்?

பாடகனுங்க விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும், என் வயித்தெரிச்சல். மைக்கோட தலைய ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு உறுமுறது. பாக்க ஆவேசமா இருக்கும், போட்டோல நல்லா விழும். ஆனா அந்த மைக் முன்னாடி வர்ற சத்தத்த மட்டும் எடுக்குறதுக்கு அந்த வலைக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டைங்கதான் காரணம், அத அடைச்சா எல்லாப் பக்கத்து சத்தத்தையும் எடுக்க ஆரம்பிக்கும், ஸ்டேஜ் மானிட்டர் (மேடைல இருக்கிறவங்களுக்குக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர்) சத்தம் உள்ள போகும், ஊளை விடும், குரல் டப்பாக்குள்ள பேசுற மாதிரி ஆகும், நான் வால்யூம கொறச்சே ஆகணும். கொறச்சதும் பாடகன் சைகைல ஏத்து ஏத்துங்கிறான். ஹெட்லைனர் பாடகன கவனி, பாதிப் பேர் கழுத்துப் பக்கம்தான் புடிச்சிருப்பான்.

வேணும்னே கெடுக்குறாங்களான்னு கேட்டியே. பெரிய டூர்ல ஓப்பனருக்கு, அதாவது முன்னாடி ஏறுற பேண்டுக்கு, இவ்வளவு டெசிபலுக்கு மேல கிடையாதுன்னு கட்டுப்பாடு வைக்கிறது உண்டு, அது ஊரறிஞ்சது. இங்க நம்ம அளவுல நடக்கிற கிக்குல அதுக்கெல்லாம் யாருக்கும் நேரம் இல்ல தம்பி, மேல சொன்ன காரணங்களே தாராளமா போதும். சென்னைல மார்கழி சீசன்ல மத்தியான ஸ்லாட்ல பாடுற பொண்ணு பாதி காலி நாற்காலிக்குப் பாடும், கேன்டீன்ல கூட்டம் அள்ளும், சாயந்தரம் பெரிய வித்வான் வரும்போது அதே சபா நிரம்பும், ஆனா விஷயம் தெரிஞ்ச ரசிகன் மத்தியானமே வந்து உக்காந்திருப்பான்ல, இங்கயும் அதே கதைதான், வெங்காய பஜ்ஜிக்குப் பதிலா பீர்.

இது போதாதுன்னு நம்ம நாட்டுக்குன்னே ஒரு வரம், லோட்ஷெடிங். இப்ப கொஞ்ச நாளா பரவால்ல, ஆனா 2023ல வாங்கின அடிய மறக்க முடியாது. ரெண்டு மணி நேரம், நாலு மணி நேரம்னு மின்சாரக் கம்பெனி எஸ்காம் கரெண்ட புடுங்குவான், ஜெனரேட்டர் மாத்தும்போது ஒரு நொடி கரெண்ட் போனாலும் டிஜிட்டல் மிக்ஸர் திரும்ப எழுந்திருக்க நேரம் எடுக்கும், பழைய ஜெனரேட்டர்னா கிட்டார் ஆம்ப்புல ஒரு ரீங்காரம் ஓடிக்கிட்டே இருக்கும். இப்படிப் போன நிமிஷமெல்லாம் யார் செட்டுலேர்ந்து வெட்டுவாங்கன்னு நினைக்கிற? ஹெட்லைனர் ஒப்பந்தத்துல எழுபது நிமிஷம்னு இருக்கும், பப்பு மூடுற நேரமும் மாறாது. வெட்டு விழுறது எப்பவும் கீழேர்ந்துதான்.

சரி காசுக்கு வரேன். இங்கதான் லோக்கல் பேண்ட் எதுக்கு இருக்குங்கிற நிஜக் காரணம் இருக்கு. வெளிநாட்டு பேண்ட் டாலர்லயோ யூரோலயோ பேசுவான். உதாரணத்துக்கு ஒரு நைட்டுக்கு 5,000 டாலர்னு வை, 2011ல டாலர் 7 ராண்டு பக்கம் இருந்தப்போ அது 35,000 ராண்டு, 2023ல 18, 19ன்னு ஏறினப்போ அதே 5,000 டாலருக்கு 90,000க்கு மேல எண்ணி வைக்கணும். டிக்கெட் விலைய அதே கணக்குல ஏத்த முடியாது, ஏத்தினா நம்ம ஜனம் வராது. இதுக்கு மேல வெளிநாட்டுக் கலைஞர் சம்பளத்துல 15 சதவீதம் சார்ஸ், அதாவது நம்ம வரித்துறை, வரி புடிக்கும், பேண்ட் கைக்கு இவ்வளவு முழுசா வரணும்னு பேசியிருந்தா அந்த வரியும் ப்ரொமோட்டர், அதாவது கச்சேரிய நடத்துறவர், தலைல. விசா, ஃப்ளைட், ஹோட்டல், வாடகை ஆம்ப் தனி. ஐரோப்பாவுல பஸ்ஸுல ஏறினா நாளைக்கு வேற நாடு, இருபது ஊர்ல செலவு பிரிஞ்சுடும். இங்க ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்), கேப் டவுன், அதிர்ஷ்டம் இருந்தா டர்பன். ஜோபர்க்லேர்ந்து இங்க வர என்3 நெடுஞ்சாலைல 570 கிலோமீட்டர், கேப் டவுனுக்கு 1,400. அத்தனை செலவும் ரெண்டு மூணு நைட்டு மேலயே விழுது. இதனாலதான் நிறைய பேண்ட் ஜோபர்க்கோட திரும்பிடுது, நாம பஸ் ஏறி அங்க போக வேண்டியிருக்கு.

இந்த நிலைமைல ப்ரொமோட்டருக்கு நிச்சயமா விக்கிற டிக்கெட் எது? லோக்கல் பேண்டோட அண்ணன் தம்பி, மச்சான், ஆபீஸ் சிநேகிதன், காதலி, காதலியோட தங்கச்சி. ஒரு பேண்டுக்கு முப்பது பேர்னாலும் நாலு பேண்டுக்கு நூத்தி இருபது தலை, ஒரு சின்ன ஹால்ல அது கால்வாசிக்கு மேல. அதனால நீ ஒம்பதரைக்கு வந்து பாக்குற வெளிநாட்டுக்காரனோட ஃப்ளைட் டிக்கெட்ல ஒரு பகுதி ஆறரைக்கு வாசிச்ச பையனோட சொந்தக்காரங்க கொடுத்தது. அந்தப் பையனுக்குக் கிடைக்கிறது? நல்ல ப்ரொமோட்டர்னா பெட்ரோல் காசு, சாப்பாடு, கொஞ்சம் பீர் டோக்கன், டி-ஷர்ட் விக்க ஒரு மேஜை. பல நேரம் அதுவும் இல்ல, "எக்ஸ்போஷர்". அத வச்சு கிட்டார் கம்பி வாங்க முடியாது. இன்னும் மோசமான முறை ஒண்ணு இருக்கு, பேண்ட் கைல டிக்கெட்ட கட்டா கொடுத்து வித்துட்டு வா, விக்கலைன்னா உன் காசுங்கிறது. இது உலகம் பூரா இருக்கு, என் அபிப்பிராயத்துல இது வெறும் சுரண்டல். வித்த டிக்கெட்டுக்குப் பங்கு கொடுக்குறது வேற, அது நியாயமான வியாபாரம், விக்காததுக்கு அபராதம் போடுறது வேற.

நம்ம நாட்டு மெட்டல் இப்படித் தனியாவே வளந்ததுக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அபார்தைட்ங்கிற நிறவெறி ஆட்சிக் காலத்துல நம்ம நாட்டு மேல கலாச்சாரப் புறக்கணிப்பு இருந்துச்சு, பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கம் 60கள்லயே தடை போட்டுச்சு, 1980ல ஐ.நா. பொதுச்சபையும் தீர்மானம் போட்டுச்சு, 90கள் ஆரம்பத்துலதான் அது தளர்ந்தது. அமெரிக்காவுல டெத் மெட்டல் பொறந்து ஃப்ளோரிடாவுல தம்பா பக்கம் கொழுந்து விட்டதெல்லாம் சரியா அந்த வருஷங்கள்லதான். அப்போ இங்க இருந்த பசங்க கேசட்ல காப்பி மேல காப்பி அடிச்சதக் கேட்டே வாசிக்கக் கத்துக்கிட்டவங்க, ஓப்பனரா வாசிக்க இங்க ஹெட்லைனரே வரல. போதாததுக்கு நீளமுடி, கறுப்பு டி-ஷர்ட்னாலே சாத்தான் கும்பிடுறவன்னு ஒரு பீதி கிளம்பி, 1992ல போலீஸ்லயே மாந்திரீகக் குற்றங்களுக்குன்னு தனிப் பிரிவு வச்சாங்க, சிரிக்காத, நிஜம். உங்க பெரியம்மா உன் டி-ஷர்ட்டப் பாத்து முகம் சுளிக்கிறது அந்தப் பீதியோட மிச்சம்தான், அவங்களச் சொல்லி குத்தமில்ல.

அதுக்குப் பிறகு வெளிய போனவங்களும் இருக்காங்க. ஜோபர்க்லேர்ந்து க்ராயின்சர்ன், 90கள்லயே ஜெர்மனி லேபிள்ல ரெக்கார்டு போட்டு ஐரோப்பாவுல டூர் அடிச்ச கிரைண்ட்கோர்ங்கிற படுவேக மெட்டல் பேண்ட். பக்கத்து போட்ஸ்வானாவுல கான்ஸி ஊர்க்காரங்க ஓவர்த்ரஸ்ட், தோல் ஜாக்கெட்டும் கவ்பாய் தொப்பியுமா இருப்பாங்களே, ஜெர்மனில வாக்கன்ங்கிற பெரிய மெட்டல் திருவிழா மேடை வரைக்கும் போனவங்க. நம்ம டர்பன்லேர்ந்தே வல்வோடினியா, பேரு ஒரு வியாதிப் பேரு, வீட்ல சத்தமா சொல்லிடாத. 2014ல ஆரம்பிச்சு, யுனிக் லீடர்ங்கிற கலிஃபோர்னியா லேபிளுக்குப் போய், ஐரோப்பாவுல பெரிய பேண்டுங்களோட மேடை ஏறுறாங்க. அங்க போனா இவங்கதான் ஓப்பனர். எல்லா ஹெட்லைனரும் எங்கயோ ஆறரை மணிக்கு காலி ஹால்ல வாசிச்சவன்தான், அந்த ஊர்க்காரன் எவனாவது சீக்கிரம் வந்து பாத்திருப்பான்.

இதுக்காக லோக்கல் பேண்ட் எல்லாம் தங்கம்னு நான் சொல்ல வரல. சில பேண்ட் நிஜமாவே மோசம், சவுண்ட் எவ்வளவு சரி பண்ணினாலும் மோசம். மேடைல ட்யூன் பண்ணிக்கிட்டே ரெண்டு நிமிஷம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல தங்களுக்குள்ள சிரிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம், அப்புறம் நேரம் முடிஞ்சதுன்னு நான் லைட்ட ஆட்டினா "இன்னும் ரெண்டு பாட்டு"ன்னு மைக்ல கேக்குறது. ப்ரொமோட்டர் தப்பும் இருக்கு. நாலு ஓப்பனர் அதிகம், என்னக் கேட்டா ரெண்டு போதும், அவங்களுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் கொடு, ஒழுங்கா லைன்செக் கொடு. டிக்கெட் விக்கணும்னு நாலு போடுறதால நாலும் அரைகுறையா போயிடுது, நாலு மணி நேரம் அதே வேகத்துல அதே உறுமல் கேட்டு ஜனம் ஹெட்லைனர் வரும்போது காது மரத்துப் போய் நிக்கும். நாலுல ஒண்ணு மெதுவான டூம் பேண்டா இருந்தா எவ்வளவோ நல்லா இருக்கும், ஆனா சொன்னா யார் கேக்குறா.

நீ போறப்போ ரெண்டு மூணு விஷயம் பண்ணு. முன்வரிசைல நிக்காத, அங்க ஸ்பீக்கர் சத்தம் உன் தலைக்கு மேல போகுது, உனக்குக் கேக்குறது மேடைல இருக்கிற ஆம்ப்பும் டிரம்மும் மட்டும். மிக்ஸர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல நில்லு, அந்த இடத்துக்குத்தான் நாங்க சவுண்ட் அமைக்கிறோம். காதுக்கு ப்ளக் கண்டிப்பா போடு. 85 டெசிபல் எட்டு மணி நேரம் தாங்கலாம்ங்கிற கணக்குல, ஒவ்வொரு மூணு டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா பதினஞ்சே நிமிஷம், மெட்டல் கிக்கு அதுக்கும் மேல. பஞ்சு வேலைக்காகாது. ப்ளக் போட்டா இன்னும் தெளிவா கேக்கும், நம்பு. ஒவ்வொரு பேண்டையும் முதல் பாட்டுல எடை போடாத, முதல் பாட்டு என் பாட்டு, நான் தேடிக்கிட்டிருக்கேன். மூணாவது பாட்டுல டிரம்மரோட கையப் பாரு, ரெண்டு கிட்டாரும் ஒண்ணா நிறுத்துற இடத்தக் கேளு. நிறுத்தம் சுத்தமா விழுந்தா அது நல்ல பேண்ட், மத்ததெல்லாம் ஹாலோட குத்தம். புடிச்சா அவங்க டி-ஷர்ட் ஒண்ணு வாங்கு, மேஜைல கொடுக்குற காசு நேரா அவங்க கைக்குப் போகுது, டிக்கெட்ல கொடுத்தது போகாது. நீ சொன்ன தேதி புரட்டாசில வருது, வீட்ல விரதம்னா பயப்படாத, பக்கத்துலயே பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டிய குடைஞ்சு உள்ள பீன்ஸ் குழம்பு ஊத்தித் தர்றது) கிடைக்கும், அதச் சாப்பிட்டுட்டே போ, உள்ள வெறும் சிப்ஸ்தான்.

சித்தி பையன் விஷயம். ப்ரொமோட்டருக்கு நீளமா கடிதம் எழுதுறது வேஸ்டு, போன்ல எடுத்ததுன்னாலும் பரவால்ல, மேடைல நேரடியா வாசிச்ச ஒரு மூணு நிமிஷ வீடியோ அனுப்பச் சொல்லு, ஸ்டூடியோ ரெக்கார்டிங்க இப்பல்லாம் யாரும் நம்புறதில்ல, கம்ப்யூட்டர்ல யார் வேணாலும் டிரம்மர் ஆகலாம். அதுக்கு முன்னாடி அவனே மத்த பேண்ட் கிக்குக்குப் போய் நிக்கணும், அம்பிலோ பக்கம் வின்ஸ்டன் பப்பு மாதிரி இடங்கள்ல மூஞ்சி தெரிஞ்சவனுக்குத்தான் யாராவது கடைசி நிமிஷம் கழண்டுக்கிட்டா போன் வரும், பாதி ஸ்லாட் அப்படித்தான் கிடைக்குது. சொந்தப் பாட்டு இருந்தா சாம்ரோங்கிற பாட்டு ராயல்டி சங்கத்துல மெம்பர் ஆகிடணும், எங்க என்னிக்கு எந்தப் பாட்டு வாசிச்சோம்னு பட்டியல் கொடுத்தா ராயல்டி வரும், சின்னக் காசுதான், ஆனா அவனுக்குச் சேரவேண்டிய காசு. வாக்கனோட மெட்டல் பேட்டில் போட்டி இங்கயும் நடந்திருக்கு, திரும்ப அறிவிச்சா பேர் கொடுக்கட்டும், ஜெயிச்சா ஜெர்மனி, தோத்தாலும் நாலு ப்ரொமோட்டர் பாப்பான். இருபத்தஞ்சு நிமிஷ ஸ்லாட்னா இருபத்திரெண்டு நிமிஷத்துல முடிக்கப் பழகச் சொல்லு, நேரத்துக்கு இறங்குற பேண்ட எந்த சவுண்ட்காரனும் மறக்க மாட்டான், அடுத்த கிக்குக்கு யார போடலாம்னு எங்ககிட்டதான் கேப்பாங்க. அப்புறம் டிரம்மர்ங்கிற, ஸ்னேர் தோல் ஒண்ணு எக்ஸ்ட்ரா பையில இருக்கணும், டிரம் சாவியும். என்கிட்ட வந்து கேக்கக் கூடாது, கோயில் தவிலுக்கு வச்சிருக்கிற வாரெல்லாம் அதுக்கு ஆகாது.